தண்டனை அதிகம் என்று எதை வைத்துச் சொல்வது?

1975-இல் உத்தரப் பிரதேசத்தில் ஓர் அமர்வு நீதிமன்றம், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வரைக் கொன்ற வழக்கில் மூவருக்கு மரண தண்டனை விதித்தது. குற்றத்தில் மூவரின் பங்கும் ஒன்றே என்பது தீர்ப்பு. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். ஒருவரின் மனு 1976-இல் தள்ளுபடியானது. இன்னொருவரின் வழக்கு 1977-இல் வேறு நீதிபதிகள் முன் வந்து, தண்டனை ஆயுளாகக் குறைந்தது. மூன்றாமவரின் மனு 1978-இல் தள்ளுபடி. 1981 அக்டோபர் 6 அன்று முதலாமவர் தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் தூக்குக்குக் குறிக்கப்பட்டிருந்த மூன்றாமவர் ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் ஒரு மனு போட்டதால் தப்பினார். 1982-இல் அந்த மனுவை விசாரித்தபோதுதான் மூவரின் கதையும் ஒரே மேசையில் சேர்ந்தது. அவருடைய தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்கு நீதிமன்றம் பரிந்துரை செய்தது.

ஒரே குற்றம், ஒரே தண்டனை, மூன்று முடிவுகள். எந்த நீதிபதியும் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் இதில் மனத்தை உறுத்துவது. ஒருவருக்கு விதித்த தண்டனை அதிகம் என்று மேல் நீதிமன்றம் எப்போது சொல்லலாம், எந்த அளவுகோலைக் கொண்டு சொல்லலாம் என்பதற்குத் தெளிவான விடை இல்லாததே இதற்குக் காரணம். அந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டம் இதுவரை தந்திருக்கும் விடைகளை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

கேள்வியின் வயது

தண்டனை எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பழைய கேள்வி. திருக்குறளின் 57-ஆம் அதிகாரமான வெருவந்த செய்யாமையில் முதல் குறள், தக்கபடி ஆராய்ந்து, குற்றம் மீண்டும் நிகழாதபடி, குற்றத்துக்கு ஒத்த அளவில் தண்டிக்கச் சொல்கிறது. அடுத்த குறள், ஓங்கும்போது கடுமை காட்டி அடிக்கும்போது மென்மை காட்டச் சொல்கிறது. அளவொத்த தண்டனையா, தணிந்த தண்டனையா என்ற இழுபறி அங்கேயே தொடங்கிவிட்டது.

விதித்த தண்டனையை இன்னொரு மன்றம் திருத்தலாம் என்ற எண்ணம் மட்டும் அவ்வளவு பழையதன்று. குற்ற வழக்குகளுக்கென்று தனி மேல்முறையீட்டு நீதிமன்றம் இங்கிலாந்தில் வந்தது 1907-இல்தான். அமெரிக்காவின் கூட்டாட்சி நீதிமன்றங்களில், சட்டம் அனுமதித்த வரம்புக்குள் இருக்கும் தண்டனையை மேல் நீதிமன்றம் தொடுவதில்லை என்ற வழக்கம் 1984-ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீடித்தது. 1861-இலேயே குற்றவியல் நடைமுறைச் சட்டம் பெற்ற இந்தியா இந்த விஷயத்தில் பிந்தி நிற்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கூட, சிறு வழக்குகள் நீங்கலாக, தண்டனையின் அளவை மட்டும் எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்ற விதி பழைய சட்டத்தில் 375-ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 416-ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

ஆக, உரிமை இருக்கிறது. அளவுகோல்தான் சட்டத்தில் எழுதப்படவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையின் தன்மையையோ அளவையோ மாற்றலாம் என்று சொல்வதோடு சட்டம் நின்றுகொள்கிறது.

விசாரணை நீதிபதியின் கணிப்பை மதித்தல்

முதல் நிலைப்பாடு ஆங்கிலேய வழக்கத்திலிருந்து வந்தது. தண்டனை என்பது விசாரணை நீதிபதியின் விருப்புரிமை. சாட்சிகளை நேரில் பார்த்தவர் அவர். மேல் நீதிமன்றம், தான் அங்கே இருந்திருந்தால் வேறு விதமாக விதித்திருப்பேன் என்பதற்காக அதை மாற்றக் கூடாது. வெளிப்படையாகவே மிகையாகவோ குறைவாகவோ இருந்தால் மட்டும் தலையிடலாம். 1955-இல் பேத் ராஜ் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு, தண்டனையைக் கூட்டும் இடத்தில் இந்தக் கட்டுப்பாட்டைத் தெளிவாக வரைந்தது.

1972-இல் ஜக்மோகன் சிங் வழக்கில் இதற்கு அரசியலமைப்பின் வலுவும் சேர்ந்தது. உயிரைப் பறிக்கும் அதிகாரத்தை நெறிமுறை எதுவும் எழுதாமல் நீதிபதியிடம் விட்டுவிடுவது தன்னிச்சை ஆகாதா என்று வாதிட்டபோது, ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த விடைகளில் ஒன்று: பிழை நேர்ந்தால் மேல் நீதிமன்றம் திருத்தும். அதாவது, விருப்புரிமைக்குக் காவல் மேல்முறையீடு. அந்தக் காவலே ஆளுக்கு ஆள் மாறினால் என்ன ஆகும் என்பதை பத்தாண்டுக்குள் ஹர்பன்ஸ் சிங் வழக்கு காட்டிவிட்டது.

இந்த நிலைப்பாட்டின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. விசாரணை நீதிபதி நேரில் பார்த்தது குற்றத்துக்கான சாட்சிகளைத்தான். குற்றவாளி யார், எங்கே வளர்ந்தார், வீட்டில் யார் இருக்கிறார்கள், திருந்த வாய்ப்புண்டா என்பவற்றைப் பெரும்பாலான வழக்குகளில் அவர் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 235(2) என்ற பிரிவு புதிதாக வந்தது. சட்ட ஆணையத்தின் 48-ஆவது அறிக்கை அதைப் பரிந்துரைத்திருந்தது. குற்றம் நிரூபணமானது என்று சொன்ன பிறகு, தண்டனை பற்றித் தனியாக ஒரு விசாரணை நடக்க வேண்டும்.

நடப்பது என்ன? “தண்டனை குறித்து ஏதாவது சொல்ல விரும்புகிறீரா?” என்று ஒரு கேள்வி. கூண்டில் நிற்பவர் அப்போதுதான் தன்னைக் குற்றவாளி என்று கேட்டிருக்கிறார். வயதான தாய் இருக்கிறார், சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், கருணை காட்டுங்கள் என்கிறார். அது இரண்டு வரியாகத் தீர்ப்பில் ஏறுகிறது. பல வழக்குகளில் அன்று பிற்பகலே தண்டனை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற முனியப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981-இலேயே இதைக் கடிந்துகொண்டது. சம்பிரதாயமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டால் கடமை தீர்ந்துவிடாது, தண்டனைக்குத் தேவையான விவரங்களை வரவழைக்க நீதிபதி மெய்யாகவே முயல வேண்டும் என்றது. 1976-இல் சாந்தா சிங், 1989-இல் அல்லாவுதீன் மியான் என்று அதே பொருளில் வேறு தீர்ப்புகளும் உண்டு. ஒரே அறிவுரையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததே, கீழே அது போய்ச் சேரவில்லை என்பதற்குச் சான்று.

கேஸ் கட்டில் தண்டனைக்கான காரணம் இரண்டு வரிதான் என்றால், மேல் நீதிமன்றம் எதை மதிப்பது? ஆராய்ந்து வந்த முடிவுக்குத் தரும் மரியாதையை, ஆராயாமல் வந்த முடிவுக்கும் தருவது சரியாகத் தோன்றவில்லை.

செயலின் எடை

இரண்டாவது நிலைப்பாட்டில் அளவுகோல் குற்றச் செயல். தண்டனை குற்றத்தின் கொடுமைக்கு நிகராக இருக்க வேண்டும். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. தமிழ்நாட்டு வழக்கான சேவகப் பெருமாள் தீர்ப்பு (1991) இதற்கு அடிக்கடி மேற்கோளாகிறது. தேவையற்ற இரக்கம் காட்டிக் குறைவாகத் தண்டித்தால் சட்டத்தின் மீதுள்ள மக்களின் நம்பிக்கையே குலையும் என்பது அதன் சாரம். பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்று பார்த்தால் இதன் நியாயம் உடனே விளங்கும். மும்பையில் நடைபாதையில் உறங்கியவர்கள் மீது 2006-இல் கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கில் கீழ் நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம். உயர் நீதிமன்றம் அதை மூன்று ஆண்டுகளாக்கியது. உச்ச நீதிமன்றம் 2012-இல் அதை உறுதி செய்தது. ஏழு உயிருக்கு ஆறு மாதம் என்பதை ஏற்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆனால் செயலை மட்டும் பார்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் சான்று உண்டு. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் அரசியலமைப்பு அமர்வு, அரிதினும் அரிதான வழக்கில்தான் மரண தண்டனை என்றதோடு, குற்றம், குற்றவாளி இரண்டையும் எடை போட வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. 1995-இல் ரவ்ஜி வழக்கில் இரண்டு நீதிபதிகள், குற்றத்தின் தன்மையே முக்கியம், குற்றவாளியின் நிலை அல்ல என்றார்கள். அதைப் பின்பற்றிப் பல தீர்ப்புகள் வந்தன. 2009-இல் சந்தோஷ் பாரியார் வழக்கில் உச்ச நீதிமன்றமே அது பச்சன் சிங் தீர்ப்புக்கு முரணானது என்று ஒப்புக்கொண்டது. 2012-இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர், அந்தப் பிழையின் அடியில் மரண தண்டனை பெற்ற 13 கைதிகளைக் காப்பாற்றும்படி குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். பிழையான அடிப்படையில் இருவர் ஏற்கெனவே தூக்கிலிடப்பட்டுவிட்டதாகவும் அதில் குறிப்பிட்டிருந்தார்கள். அந்த இருவருக்கு எந்த மேல்முறையீடும் இனி உதவாது.

மனிதரின் நிலை

மூன்றாவது நிலைப்பாட்டின் முகவரி நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1974-இல் எடிகா அன்னம்மா வழக்கில் ஓர் இளம் தாயின் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தபோது அவளுடைய வாழ்க்கைச் சூழலைத் தீர்ப்புக்குள் கொண்டுவந்தார். 1977-இல் கியாசுதீன் வழக்கில், வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றிய ஓர் இளைஞரின் மூன்றாண்டுச் சிறையை 18 மாதமாகக் குறைத்ததோடு, சிறையில் அவருக்கு என்ன வகை வேலை தர வேண்டும் என்பது வரை எழுதினார். தண்டனை என்பது மனிதரைத் திருத்தும் வேலை என்றால், நீதிபதி மனிதரைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது அவர் கொள்கை. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டமும் அதே நம்பிக்கையில் எழுந்ததுதான்.

இதன் பலவீனம், எதைத் ‘தணிக்கும் காரணம்’ என்று ஏற்பது என்பதில் இருக்கிறது. கர்நாடகத்தில் ஏழெட்டு வயதுச் சிறுமியை வன்கொடுமை செய்தவருக்குக் கிடைத்த பத்தாண்டுச் சிறையை உயர் நீதிமன்றம் நான்காகக் குறைத்தது. சொன்ன காரணங்கள்: படிக்காதவர், கிராமத்தவர், குடிப்பழக்கம் உள்ளவர், வயதான தாயும் மனைவி மக்களும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2000-இல் அதை ரத்து செய்து பத்தாண்டை மீட்டது. நல்ல வக்கீல் வைத்தவருக்குத்தான் வாழ்க்கைக் கதை நீதிமன்றத்தில் எழுதப்படுகிறது என்பது இன்னொரு குறை. அரசு செலவில் வக்கீல் கிடைத்தவருக்கு, வாதத்தின் கடைசியில் ‘மாற்றாக, அனுபவித்த காலத்தையே தண்டனையாகக் கொள்ளுமாறு’ என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரி சில நேரம் பலிக்கிறது, சில நேரம் பலிப்பதில்லை. இரண்டுக்கும் காரணம் எழுதப்படுவது குறைவு.

2022-இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பலவீனத்தை நேராகத் தொட்டது. மரண தண்டனை வழக்குகளில் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை, சிறையில் நடந்துகொண்ட விதம், உளவியல் மதிப்பீடு ஆகியவற்றை விசாரணைக் கட்டத்திலேயே பெற வேண்டும் என்றது. செய்ய வேண்டியதைச் சரியாகச் சுட்டிய தீர்ப்பு. ஆனால் அது மரண தண்டனை வழக்குகளுக்கானது. ஏழாண்டும் பத்தாண்டும் பெற்று மேல்முறையீட்டுக்கு வருபவரின் கட்டில் இன்னும் அந்த இரண்டு வரிதான்.

சட்டமே வரையும் கோடு

நீதிபதிகள் இப்படி ஏறியும் இறங்கியும் தண்டிக்கிறார்களே என்று நாடாளுமன்றம் கண்ட விடை, குறைந்தபட்சத் தண்டனை. பாலியல் வன்கொடுமைக்கு 1983-இல் ஏழாண்டு என்று கோடு போட்டபோது, போதிய, சிறப்பான காரணம் இருந்தால் குறைக்கலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தார்கள். அந்த வாசல் மேலே கண்ட விதமாகப் பயன்பட்டதால் 2013-இல் மூடப்பட்டது. போதைப்பொருள் சட்டத்தில் வணிக அளவுக்குப் பத்தாண்டு. சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கடுமையான வகைக் குற்றங்களுக்கு இருபதாண்டு. இந்தக் கோட்டுக்குக் கீழே உயர் நீதிமன்றமும் இறங்க முடியாது. சீர்மை வந்தது உண்மை.

விலையும் உண்டு. தண்டனையைக் குறைக்க வழியில்லாதபோது மேல்முறையீடு முழுவதும் குற்றத் தீர்ப்பின் மீதே திரும்புகிறது. போதைப்பொருள் வழக்குகளில் 50-ஆம் பிரிவின்படி சோதனை முறையாக நடந்ததா என்பதில் வாதத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. முழுத் தண்டனை அல்லது முழு விடுதலை, இடையில் ஏதுமில்லை. எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது என்று முடிவு செய்யும் காவல்துறையின் கைக்கு, தண்டனையை நிர்ணயிக்கும் அதிகாரம் ஓரளவு நகர்ந்தும் விடுகிறது. போக்சோ சட்டத்தின் கோடு பொருந்தாத வழக்கு வரும்போது உச்ச நீதிமன்றம், முழு நீதி செய்யத் தனக்கு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவைக் கையில் எடுக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில், பாதிக்கப்பட்ட பெண்ணையே மணந்து இரண்டு குழந்தைகளோடு வாழ்ந்த தாய்மாமனின் பத்தாண்டுத் தண்டனை அப்படித்தான் நீங்கியது. டெல்லி வரை போக முடிந்தவருக்கு மட்டும் திறக்கும் கதவை ஒரு முறைமை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்ற கோரிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2003-இல், குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த மாலிமத் குழு அதைப் பரிந்துரைத்தது. 2008-இல் பிரேம் சாகர் வழக்கிலும் 2012-இல் சோமன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்தக் குறையை வெளிப்படையாகவே சொல்லி வருந்தியது. இங்கிலாந்தில் 2010 முதல் அதற்கென்று ஒரு மன்றம் இயங்குகிறது. இங்கே 2023-இல் மூன்று பெரும் சட்டங்களைப் புதிதாக எழுதியபோதும் நெறிகள் வரவில்லை. நெறி வந்தால் எல்லாம் தீரும் என்று சொல்வதற்கில்லை. குற்றவாளியைப் பற்றிய தகவல் இல்லாத கட்டில், நெறியும் குற்றத்தை மட்டுமே அளக்கும்.

மேல்முறையீட்டின் விலை

குறைக்கக் கேட்டுப் போனவருக்குக் கூடிவிட்டால்? இங்கிலாந்தில் அந்த அபாயம் 1966 வரை இருந்தது. இந்தியாவில் குற்றவாளி போடும் மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டக் கூடாது என்பது சட்டம். கூட்ட வேண்டுமானால் அரசு தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும். இருந்தும் உயர் நீதிமன்றங்கள் தாமாக முன்வந்து சீராய்வு அதிகாரத்தில் கூட்டிய வழக்குகள் உண்டு. அறிவிப்புக் கொடுத்துவிட்டு அப்படிச் செய்யலாம் என்று 1990-இல் சாகப் சிங் வழக்கு சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2025-இல் உச்ச நீதிமன்றம், குற்றவாளியே கொண்டுவந்த மேல்முறையீட்டில் இப்படிச் செய்ய முடியாது என்றது. மேல்முறையீட்டு உரிமையை அச்சமின்றிப் பயன்படுத்த இது அவசியம் என்றே இக்கட்டுரை கருதுகிறது. முந்தைய தீர்ப்போடு இது எப்படிப் பொருந்தும் என்பது தெளிவாக வேண்டும்.

‘குறைந்தது’ என்ற சொல்லும் சிக்கலாகிவிட்டது. 2008-இல் ஷ்ரத்தானந்தா வழக்கில் தூக்குக்கும் சாதாரண ஆயுளுக்கும் நடுவே, இத்தனை ஆண்டு தண்டனைக் கழிவே கிடையாது என்ற புது வகை பிறந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கையொட்டி 2015-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மூவர் ஒருபக்கம் இருவர் மறுபக்கமாக, அதை ஏற்றது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே விதிக்கலாம் என்றது. 2023-இல் இன்னொரு தீர்ப்பு, கீழே மரண தண்டனையே விதிக்காத வழக்கிலும் இதை விதிக்கலாம் என்றது. சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு தண்டனை மேல்முறையீட்டு மேடையில் உருவாகியிருக்கிறது.

காலம்தான் எல்லாவற்றிலும் பெரிய விலை. மூன்றாண்டுத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு ஐந்தாண்டு கழித்து விசாரணைக்கு வந்தால், வெளியே ஜாமீனில் இருப்பவருக்கு வாதம் மிச்சம். உள்ளே இருந்தவருக்கு ஏதுமில்லை. குறுகிய காலத் தண்டனையை மேல்முறையீடு முடியும் வரை நிறுத்திவைப்பதில் தாராளம் காட்ட வேண்டும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதனால்தான். போலிப் பட்டம் அச்சடிக்க முயன்ற பல்கலைக்கழக ஆசிரியர் ஹோஸ்காட்டுக்கு அமர்வு நீதிமன்றம் கொடுத்தது அன்று நீதிமன்றம் கலையும் வரையிலான வெறுங்காவல். உயர் நீதிமன்றம் அதை மூன்றாண்டாக்கியது. தீர்ப்பின் நகல் கைக்கு வராமலே அவர் தண்டனையை முழுவதும் அனுபவித்து முடித்துவிட்டார். அதன் பிறகே உச்ச நீதிமன்றத்தை எட்ட முடிந்தது. 1978-இல் மனு தள்ளுபடியானாலும், கைதிக்குத் தீர்ப்பு நகல் இலவசமாகத் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வக்கீல் உதவியும் தர வேண்டும் என்ற உரிமை அந்தத் தீர்ப்பில்தான் பிறந்தது.

தீராதவை

மேற்கண்ட நிலைப்பாடுகளில் எதையும் முற்றாகத் தள்ள முடியாது. விருப்புரிமையை மதிப்பது தேவை. குற்றத்தின் எடையும் குற்றவாளியின் நிலையும் இரண்டும் தேவை. சில குற்றங்களுக்குக் கோடும் தேவைப்படலாம். எதற்கு எப்போது முன்னுரிமை என்பதில் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. குறைந்தபட்சத் தண்டனைக்குக் கீழே இறங்கும் குறுகிய வாசலை உயர் நீதிமன்றத்துக்கும் தரலாமா என்ற கேள்வி, 2013-க்கு முந்தைய அனுபவத்தை நினைத்தால் எளிதல்ல. கழிவில்லாத ஆயுள் தண்டனையை எதிர்த்து முறையிட எந்த அளவுகோல் என்பதும் தெளிவில்லை.

ஒன்றை மட்டும் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். 2000-க்குப் பிந்தைய சுமார் பதினைந்து ஆண்டுகளில் விசாரணை நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகளில் மேல்முறையீடுகளைத் தாண்டி நின்றவை ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு என்று டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் 2016 அறிக்கை காட்டியது. இவ்வளவு திருத்தம் மேலே நடக்கிறது என்றால் குறை கீழே, தண்டனை பற்றிய விசாரணையில் இருக்கிறது என்று கொள்ளவே இடமிருக்கிறது. மனோஜ் தீர்ப்பு கேட்கும் அறிக்கைகளைப் படிப்படியாக ஏழாண்டுக்கு மேற்பட்ட எல்லாத் தண்டனைகளுக்கும் விரித்தால், மேல் நீதிமன்றம் எந்த அளவுகோலை எடுத்தாலும் அளக்க ஏதாவது இருக்கும். அதற்கு முதலில் போதிய நன்னடத்தை அலுவலர்கள் வேண்டும்.

அதுவரை, சிறையில் இருப்பவரின் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியது இது: உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள், மரண தண்டனையானால் 30 நாள், மாவட்ட அளவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமானால் 30 நாள். தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் மன்னிக்கவும் வழியுண்டு. தீர்ப்பு நகல் இலவசம். வக்கீல் வைக்க வசதியில்லாத கைதி, மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தால் போதும். அதை நீதிமன்றத்துக்கு அனுப்பி வைப்பது அவருடைய சட்டக் கடமை.